சேர்வராயன் மலையில் புழுக்காளானா?

கேள்வி: போன மாதம் ஏற்காடு போயிருந்தோம். ஒருவர் புழுவோடு ஒட்டிக் காய்ந்த காளானைக் காட்டி, சேர்வராயன் கோயில் பக்கம் பறித்தது, சர்க்கரை, கிட்னி, மூட்டுவலி எல்லாவற்றுக்கும் கேட்கும் என்றார். 20 கிராம் வாங்கிவிட்டோம். அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். கொடுக்கலாமா?
— வாசகி, சூரமங்கலம்

பதில்: வாங்கியாச்சு, சரி. ஆனால் அப்பாவுக்குக் கொடுக்காதீர்கள்.

அங்கே பறித்தது என்பது கதை. உத்தரகண்டில் ‘கீடா ஜடி’ என்கிற இந்தக் காளான் இமயமலையில், திபெத், நேபாளம், பூட்டான் பக்கம் 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில் வருவது. சேர்வராயன் உச்சியே 1,600 மீட்டர் சொச்சம்தான். உயரம் இருந்தாலும் போதாது, மண்ணுக்குள் வேரைத் தின்று வாழும் ஒரு குறிப்பிட்ட அந்துப்பூச்சியின் புழு வேண்டும், அதற்குள் புகுந்து உள்ளே இருப்பதையெல்லாம் தின்று தோலை மட்டும் விட்டுவிட்டு, பனி உருகும் சமயம் புழுவின் தலை வழியாகக் குச்சி மாதிரி முளைக்கிறது காளான். ஆளாளுக்குத் தோண்டித் தோண்டி 2020ல் அது அழியும் ஆபத்துள்ள இனங்களின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. கிராம் கணக்கில் காசு புரள்வதால்தான் போலியும் அதிகம். எடை கூட்ட உள்ளே ஈயக்கம்பி செருகி விற்று, அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஈய நஞ்சு ஏறிய சம்பவமும் உண்டு.

மருத்துவ குணம் சுத்தப் பொய்யா என்றால், அப்படியும் இல்லை. இதன் உறவுக்காரக் காளான் ஒன்று, ஆரஞ்சு நிறம், இப்போது அரிசியிலேயே வளர்க்கிறார்கள், அதிலிருந்து 1950ல் கார்டிசெபின் என்ற பொருளைப் பிரித்தார்கள். நம் செல்லில் இருக்கும் அடினோசின் மாதிரியே இருக்கும், ஒரே ஒரு ஆக்சிஜன் அணு குறைவு. செல் ஏமாந்துபோய் அதை ஆர்என்ஏ (மரபணுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) சங்கிலியில் கோத்துவிட்டால் சங்கிலி அதோடு நின்றுவிடும். ஆய்வகத்தில் புற்றுசெல்களை இது தடுப்பது இப்படித்தான். ஆனால் ரத்தத்தில் கலந்ததும் உடம்பே அதைச் சீக்கிரம் சிதைத்துவிடுகிறது. இமயமலைக் காளானிலோ கார்டிசெபின் இல்லை என்றே சொல்லலாம்! கிட்னிக்கு நல்லதா என்று 2014ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சரிபார்க்கும் காக்ரேன் அமைப்பு பழைய ஆய்வுகளை அலசிப் பார்த்தது, பெரும்பாலும் தரமில்லாத ஆய்வுகள், நம்பி முடிவுக்கு வர முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், பூச்சியைத் தின்னும் இதே கூட்டத்துப் பூஞ்சை ஒன்றிலிருந்துதான் கிட்னி மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் வந்தது. அது எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. உங்களிடம் விற்றவர் எதிர்ப்பு சக்தி கூடும் என்றிருப்பாரே?

அப்பா விஷயத்தில் எனக்குப் பயம் காளானைவிட, ‘இதுதான் இருக்கே’ என்று மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்பதுதான். ஏற்கெனவே ஒன்றிரண்டு கொடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் கட்டாயம்.

அப்புறம், கையில் இருப்பதில் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். நிஜமானது உள்ளே கெட்டியாக, வெளிறிய மஞ்சளாக இருக்கும். கம்பி தெரிந்தால் மொத்தத்தையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.