இரவில் ஐந்து முறை எழும் அப்பாவை எந்த டாக்டரிடம் காட்டுவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. ஆறு மாதமாக இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். முக்கினால்தான் வருகிறதாம், அதுவும் விட்டுவிட்டு. சிலர் நெஃப்ராலஜிஸ்ட்டிடம் காட்டச் சொல்கிறார்கள், சிலர் யூராலஜிஸ்ட் என்கிறார்கள். யூராலஜி என்றாலே ஆபரேஷன்தான் என்று அப்பா வர மறுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: யூராலஜிஸ்ட்டிடம் கூட்டிச் செல்லுங்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேலையில் சிறுநீரகம் தடுமாறினால், அதாவது ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறினாலோ, சிறுநீரில் புரதம் போனாலோ, டயாலிசிஸ் தேவைப்பட்டாலோ, அது நெஃப்ராலஜிஸ்ட் பார்க்க வேண்டியது. சிறுநீர் வெளியேறும் பாதையில் கல், அடைப்பு, கட்டி, கசிவு என்றால் யூராலஜிஸ்ட்டுகளான நாங்கள். ஆண்களின் ப்ராஸ்டேட், விதை, ஆண்மைக் குறைவு ஆகியவையும் எங்கள் துறைதான். அதற்காக இது ஆண்களுக்கான துறை என்று நினைத்துவிடாதீர்கள். இருமினால் சிறுநீர் கசியும் பெண்களும், விதை கீழே இறங்காத குழந்தைகளும் இங்கேதான் வருகிறார்கள்.

அப்பாவின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மருத்துவப் படிப்பு முடித்து, அறுவை சிகிச்சை பழகி, அதற்கு மேல் இந்தத் துறையைப் படித்தவர்கள்தான் நாங்கள். ஆனால் எங்கே வெட்டக் கூடாது என்பதும் அந்தப் படிப்பில் சேர்த்திதான். ப்ராஸ்டேட் வீக்கத்தோடு வருபவர்களில் பலர் மாத்திரைச் சீட்டோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

அவருக்கும் ப்ராஸ்டேட்தான் காரணமாக இருக்கலாம். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. வயதாக ஆக வளரும், குழாயை நெருக்கும். ஆனால் இரவில் எழுவதற்கு அது மட்டுமே காரணம் இல்லை.

இங்கேதான் உங்கள் உதவி வேண்டும். வருவதற்கு முன் மூன்று நாள், ஓர் அளவுக் குவளையும் நோட்டும் கழிவறையில் இருக்கட்டும். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி, என்ன குடித்தார் என்று எழுதச் சொல்லுங்கள். ஒருவர் இப்படி எழுதிக் கொண்டு வந்தார். பகல் முழுக்கக் குறைவாகப் போயிருந்தார். இரவில் ஒவ்வொரு முறையும் 300, 350 மில்லி. சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். கணுக்காலில் விரலை அழுத்தியதும் குழி விழுந்தது. பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் சிறுநீராக வந்திருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது இதய டாக்டர். ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிதான் என்றால் கதை வேறு. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகவில்லையா, இல்லை அவசரப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவையும் இரவில் எழுப்பும்.

அப்புறம், வயிறு முட்ட சிறுநீரோடு வாருங்கள். வேகம் அளக்கும் கருவியில் குறைந்தது 150 மில்லியாவது போனால்தான் கணக்கு சரியாக வரும். வாசலிலேயே போய்விட்டு வந்து, இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துக் காத்திருப்பவர்கள் தினமும் உண்டு. நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வந்தால் பொதுவாக நல்ல வேகம். 10-க்குக் கீழே என்றால் அடைப்போ, பையின் பலவீனமோ இருக்கலாம்.

ப்ராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையில் எண் கூடியிருந்தால் உடனே புற்றுநோய் என்று முடிவு கட்டாதீர்கள். கிருமித் தொற்று, வெறும் வீக்கம் இரண்டுமே அதை ஏற்றும்.

ப்ராஸ்டேட் பகுதித் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாதிரி மாத்திரை தந்தால் சில நாளில் பலன் தெரியும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், அதனால் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். கண்புரை ஆபரேஷன் திட்டம் இருந்தால், மாத்திரை தொடங்கும் முன் எங்களிடமும், பிறகு கண் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரையால் ஆபரேஷன் நேரத்தில் கருவிழிப்படலம் தளர்ந்து தொல்லை கொடுக்கலாம்.

ஒருவேளை சிறுநீர் அடியோடு நின்று அடிவயிறு உப்பி வலித்தால், நோட்டு, குவளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அப்போதே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வலியே இல்லாமல் ஒரே ஒரு முறை சிறுநீரில் ரத்தம் போனாலும், மறுபடி வருகிறதா என்று காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும்.