சிங்கப்பூரில் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் பூனை வளர்க்க மாதம் நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போதுமா?

போதும், பூனைக்கு ஒன்றும் ஆகாத மாதங்களில்.

"நாலறை வீடு, ஒரே ஒரு பூனை, மாதம் நூறு வெள்ளிக்குள் அடங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, வீட்டில் இன்னொருவரைச் சம்மதிக்க வைக்கக் கணக்குத் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. நான் கப்பல் சரக்கு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவள். வீட்டுச் செலவையும் எக்செல்லில் போடுவேன், அதில் 'செவலை' என்று தனிப் பக்கம் உண்டு. செவலை எங்கள் பூனை, மஞ்சளும் வெள்ளையுமான கடுவன், அதாவது ஆண் பூனை. பெயர் வைத்தது மாமியார். புதுக்கோட்டைப் பக்கம் அந்த நிறத்தில் கன்று பிறந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

தீவனத்துக்கு மாதம் அறுபது எழுபது வெள்ளி ஆகும். உலர் தீவனத்தைப் பெரிய பையாக வாங்கினால் மலிவுதான், ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பையைப் பிரித்த கொஞ்ச நாளிலேயே வாசனை போய்விடும். செவலைத் துரை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதனால் சின்னப் பைதான். டின் உணவு ஒன்று ஒன்றரை வெள்ளியிலிருந்து கிடைக்கிறது. இணையக் கடைகளில் 9.9, 11.11 (செப்டம்பர் 9, நவம்பர் 11) தள்ளுபடி வரும்போது பெட்டியாக வாங்கலாம், ஒரே சுவையில் மட்டும் வாங்காதீர்கள். சூரை மீனை உயிராகத் தின்றவன் ஒரு நாள் திடீரென்று அதைத் தொடமாட்டேன் என்றான். மிச்ச டின்னெல்லாம் கீழ்த்தளத்துப் பூனைகளுக்குச் சாப்பாடு போடும் சீனப் பாட்டியிடம் போயின. மணலுக்கு இருபது, இருபத்தைந்து. ஆக நூறுக்குள் அடங்கிவிடுகிறது.

"எங்கள் பாட்டி வீட்டில் பத்துப் பூனை மீன் தலையைத் தின்றே வளர்ந்தன" என்று பதில் எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வளர்ந்திருக்கும். எத்தனை செத்தன என்று பாட்டியிடம் கேட்டீர்களா?

சட்டம் சம்பந்தமான செலவு பெரிதில்லை. வீவக வீடுகளில் 1989 முதல் இருந்த பூனைத் தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் உரிமம் வேண்டும், மைக்ரோசிப் வேண்டும், முதல்முறை எடுப்பவர்கள் இணையத்தில் ஒரு பாடத்தையும் முடிக்க வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரையிலான மாறுகாலத்தில் உரிமத்துக்குக் கட்டணமில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கருத்தடையையும் மைக்ரோசிப்பையும் இலவசமாகச் செய்துகொடுக்கும் திட்டம் இருக்கிறது, பொருந்தினால் கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள். தடை இருந்த காலத்தில் எந்தெந்த வீட்டில் பூனை இருந்தது என்று புளோக்கில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்.

கேள்வியோடு நீங்கள் போட்டிருந்த செலவுப் பட்டியலில் மருத்துவச் செலவு என்று ஆண்டுத் தடுப்பூசியை மட்டும் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமியார்தான் முதலில் கவனித்தார். "ஏத்தா, இது ஒண்ணுக்குப் போக முக்குது. ஒண்ணும் வரக் காணோம்." போய்ப் பார்த்தால் செவலை மணல் பெட்டியில் வாலை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒப்புக்கு மணலைப் பறிப்பான், இறங்குவான், இரண்டடி நடந்து மறுபடி ஏறுவான். அப்புறம் குளியலறைக்குப் போய் வெறும் தரையில் உட்கார்ந்தான். எழுந்தபோது வெள்ளை ஓட்டில் ஒரே ஒரு சொட்டு, ரோஸ் நிறத்தில். அடிவயிற்றைத் தொட்டால் எலுமிச்சம்பழம் மாதிரி உருண்டு கெட்டியாக இருந்தது. தொட விடாமல் ஒரு குரல் கொடுத்தான் பாருங்கள், அதுவரை அவனிடம் நான் கேட்காத குரல்.

கடுவன்களுக்குச் சிறுநீர்க்குழாய் ரொம்பவும் குறுகல். சிறுநீரில் உண்டாகும் படிகமும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், உள்ளே தேங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைத் தாக்கும். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். பார்ப்பதற்கு மலச்சிக்கல் மாதிரி இருப்பதால் விடியட்டும் என்று இருந்துவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பூனை கடுவனாக இருந்தால் இந்தப் பத்தியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். உலர் தீவனம் மட்டும் போட்டால் இப்படித்தான் ஆகும் என்று எழுத வருகிறவர்களே, மேலே டின் கணக்கும் இருக்கிறது, படியுங்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பது, உடம்பு பெருத்துப்போவது, மனஅழுத்தம் என்று காரணங்கள் பல, இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்று மருத்துவரே சொன்னார்.

வழக்கமாகப் போகும் கிளினிக் மூடியிருந்தது. இரவு முழுக்கத் திறந்திருக்கும் இடத்துக்கு ஓடினோம். பூனையை ஏற்றிக்கொள்ளும் வாடகை வண்டியைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், சாதாரணக் கட்டணத்தைவிட அதிகம், அதையும் கணக்கில் வையுங்கள். அவனை உள்ளே தூக்கிக்கொண்டு போனதும் எங்கள் கையில் ஒரு மதிப்பீட்டுத் தாளைக் கொடுத்தார்கள். குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று இரண்டு பத்தி. பாதிப் பணத்தை அப்போதே கட்டச் சொன்னார்கள். நான் தொழில்புத்தியில் ஒவ்வொரு வரியாகப் படித்தேன்: இரவு நேரப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, குழாய் போட்டு அடைப்பை எடுப்பது, சலைன், தங்கும் கட்டணம், கழுத்தில் மாட்டும் கூம்பு. மாமியார் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மெடிசேவ் போட முடியாதாத்தா?" என்று கேட்டார். மெடிசேவ் என்பது மனிதர்களின் மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு. வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் 'மெடிசேவ்' புரிந்துவிட்டது. சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள், பாவம்.

பூனையைத் திரும்பக் கூட்டி வரும்போது 9 விழுக்காடு பொருள், சேவை வரியோடு இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். அட்டையில் தேய்த்தோம். அந்த மாதம் செவலையின் பக்கம் எக்செல்லில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இது எப்படியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. நாத்தனார் வீட்டுக்காரர் உடனே எழுதினார்: "இந்தக் காசில் நாலு பேர் ஊருக்குப் போய் வரலாமே!" யார் சொல்கிறார் பாருங்கள். கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழுக்கு மட்டும் ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்த மனிதர். அந்தக் கார் ஒரு நாளாவது தன் மாமியாரைப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போயிருக்குமா? கேட்டால் அங்கே நிறுத்த இடம் கிடைக்காதாம். தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் மட்டும் இடம் கிடைத்துவிடுகிறது. எழுபது வயதைத் தாண்டியவர் முழங்கால் வலியோடு பேருந்தில் ஏறி இறங்குகிறார், கூடப் போவது நான், விடுப்பு எடுப்பதும் நான். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் பூனைக்குச் செலவழித்தால் கணக்குக் கேட்க வருகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். ஊருக்கும் நாங்கள் மாதாமாதம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். அதை யாரும் குழுவில் எழுதுவதில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். செவலை இப்போது சிறுநீர்ப் பிரச்சினைக்கென்றே வரும் மருத்துவத் தீவனம் தின்கிறான், பழையதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. டின்னில் தண்ணீர் கலந்து கொடுக்கிறோம். தண்ணீர் ஊற்றுப் பாத்திரம் ஒன்றும் வாங்கியாயிற்று, அதற்கு வடிகட்டி மாற்ற வேண்டும். மாதம் நூற்று நாற்பதுக்குக் குறையவில்லை. காப்புறுதி எடுக்கலாமே என்பீர்கள். ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்குப் பொதுவாக அவர்கள் பணம் தருவதில்லை, எடுப்பதானால் பூனை வீட்டுக்கு வந்தவுடன் விதிமுறைகளைப் படித்துவிட்டு எடுங்கள். நாங்கள் அதற்குப் பதிலாகத் தனி வங்கிக் கணக்கில் மாதம் ஐம்பது போடுகிறோம்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர் என்றால் பூனையைப் பார்த்துக்கொள்ளும் செலவும் உண்டு. வீட்டுக்கு வந்து சாப்பாடு வைத்து மணலை அள்ளிப் போகிறவர்கள் ஒரு தடவைக்கு இருபது வெள்ளிக்கு மேல் வாங்குகிறார்கள், பண்டிகை நாளென்றால் கூடுதல். எங்களுக்கு மாமியார் இருக்கிறார். அவருக்கு விமானத்தில் உட்காரவே முடியவில்லை என்கிறார், செவலை வந்த பிறகுதான் இந்த நோய் வந்தது என்பது என் சந்தேகம்.

வாங்காதீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளியை ஒரே இரவில் கடன் வாங்காமல் எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள், மாதம் நூறா நூற்று இருபதா என்பதை அப்புறம் பேசலாம். முடியும் என்றால் காப்பகத்திலிருந்து வளர்ந்த பூனையாக எடுங்கள். பெரும்பாலும் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்தே கொடுப்பார்கள், அந்தச் செலவு மிச்சம். பெண் பூனைக்கு இந்த அடைப்பு வருவது மிக அபூர்வம்.

அப்புறம் சன்னல்களுக்கு வலை. பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு, பத்தாவது மாடியிலிருந்து விழுந்தால் மருத்துவச் செலவுகூட இருக்காது. அளவெடுக்க ஆள் வரும்போது வரவேற்பறை, படுக்கையறைச் சன்னல்களோடு நிறுத்தாமல் சமையலறை, கழிவறைச் சன்னல்களையும் வாசல் கிராதியையும் சேர்த்தே விலை கேளுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டால் வந்துபோகும் கூலியைத் தனித்தனியாகப் போடுகிறார்கள்.