ரென்பையில் (விஷுவல் நாவல், அதாவது படங்களோடு படித்துத் தேர்வுகள் செய்து ஆடும் கதை விளையாட்டு, உருவாக்கும் மென்பொருள்) அத்தியாயம் அத்தியாயமாக வரும் விஷுவல் நாவல்: பழைய சேவ் கோப்பை லோடு செய்தாலும் பாத்திரம் "உன்னைத் தெரியும்" என்று எப்படிச் சொல்லும்?

சாதாரண மாறிகள் (விளையாட்டு நினைவில் வைக்கும் மதிப்புகள்) சேவ் கோப்புக்குள்ளேயே இருக்கும். பழைய சேவ் கோப்பைத் திறந்தால் அவையும் பழைய நிலைக்குப் போய்விடும். 'பெர்சிஸ்டென்ட்' மாறிகள் தனிக் கோப்பில் இருப்பதால் லோடு, ரோல்பேக் (விளையாட்டில் பின்னோக்கிப் போவது) இரண்டுமே அவற்றைத் தொடாது. வித்தை இவ்வளவுதான்.

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் மார்த்தாண்டமா கன்னியாகுமரியா என்று கேட்கிறீர்கள் என்று வைப்போம். இரண்டுக்கும் ஒரே மாறி வைத்தால் கெட்டது. பின்னால் போய் மாற்றித் தேர்ந்தவுடன் முதல் தடம் அழிந்துவிடும். ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி பெர்சிஸ்டென்ட் மாறி வைத்து, போனதும் அதில் 'ட்ரூ' (ஆம்) போடுங்கள். இரண்டும் ட்ரூ என்றால் ஆள் திரும்பி வந்திருக்கிறார். அப்போது "மக்கா, நீ முன்ன மார்த்தாண்டத்துக்குல்லா போன?" என்று கேட்கவிடலாம். ஒரு அத்தியாயத்துக்கு ஒருமுறை போதும், அடிக்கடி கேட்டால் சலித்துவிடும்.

இரண்டாம் அத்தியாயத்தைத் தனி விளையாட்டாக வெளியிட்டால் சேவ் கோப்புகள் இருக்கும் ஃபோல்டர் வேறாகி எல்லாம் மறந்துபோகும். அதே விளையாட்டுக்கு அப்டேட்டாகக் கொடுப்பதே நல்லது. தனியாகத்தான் வேண்டுமென்றால் பல விளையாட்டுகள் பகிர்ந்துகொள்ளும் 'மல்ட்டிபெர்சிஸ்டென்ட்' பயன்படுத்துங்கள். அதில் மதிப்பை மாற்றியபின் சேவ் கட்டளையை நீங்களே கொடுக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துருவை மாற்றுங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் ரென்பை பழசு, 8.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை.