இரு கடல்கள், இருவேறு உப்பு

கேள்வி: வங்காள விரிகுடாவும் அரபிக்கடலும் ஒரே அட்சரேகைகளில் இருந்தும், மேல்நீரின் உப்பில் வேறுபடுவது ஏன்? இரண்டும் கலப்பதில்லையா?

பதில்: அரபிக்கடலில் மழையைவிட ஆவியாதல் மிகுதி என்பதால், அதன் வடபகுதியில் ஒரு கிலோகிராம் நீரில் 36 கிராமுக்கும் மேல் உப்பு உண்டு. வங்காள விரிகுடாவிலோ பருவமழையோடு கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி ஆகிய பேராறுகளின் நன்னீரும் சேர்ந்து, அடர்த்தி குறைந்த மெல்லிய படலமாக மேலே பரவி, கீழுள்ள உப்புநீரோடு காற்றால் எளிதில் கலந்துவிடாதபடி தடுக்கிறது.

ஆயினும் பரிமாற்றம் நிகழ்கிறது. அது நிகழும் விதமே வியப்புக்குரியது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் நீரோட்டம் அரபிக்கடலின் உப்புநீரைக் கொண்டுவர, அந்நீர் தன் அடர்த்தியால் விரிகுடாவின் மேற்படலத்துக்கு அடியில் புகுந்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஓட்டம் திசைமாறி, விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரைத் தென்கிழக்கு அரபிக்கடலில் சேர்க்கிறது.