நல்ல கண்ணை ஏன் மூடச் சொல்கிறார்கள்?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் இடது கண் பார்வை குறைவு என்றார்கள். டாக்டரிடம் காட்டியதில் வலது கண்ணுக்கு +1, இடது கண்ணுக்கு +4.5 பவர். நாலைந்து மாதமாகக் கண்ணாடியை ஒழுங்காகப் போடுகிறான். ஆனாலும் இடது கண்ணால் 6/24 வரைதான் படிக்கிறான் (மற்றவர்கள் 24 மீட்டர் தள்ளி நின்று படிப்பதை 6 மீட்டரில்தான்). இப்போது நன்றாகத் தெரிகிற வலது கண்ணைத் தினமும் 2 மணி நேரம் ஒட்டி மூடச் சொல்கிறார் டாக்டர். அந்தக் கண்ணும் கெட்டுப்போகாதா? வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். இவனுக்கு 3 வயதில் ஒரு தங்கையும் இருக்கிறாள்.

பதில்: டாக்டர் சொன்னபடியே மூடுங்கள். தள்ளிப்போட வேண்டாம். இது தானாகச் சரியாகிற விஷயம் இல்லை.

உங்கள் மகனுக்கு இருப்பது ஆம்ப்ளியோபியா. பேச்சு வழக்கில் சோம்பேறிக் கண். இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அதிகம் இருந்ததால், சின்ன வயதிலிருந்தே இடது கண் மங்கலான படத்தைத்தான் மூளைக்கு அனுப்பி வந்திருக்கிறது. அந்த மங்கலைக் கண்ணாடி நீக்கிவிட்டது. மிச்சக் குறை இருப்பது பின்மண்டைக்குள், பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியில். அதுவும் அங்குள்ள நியூரான்கள் (நரம்புச் செல்கள்) ஒன்றையொன்று சந்திக்கும் சினாப்ஸ்களில்.

பிறக்கும்போது இந்தச் சினாப்ஸ்கள் முழுசாக அமைந்திருப்பதில்லை. முதல் சில மாதங்களில் தேவைக்கு மேலேயே முளைக்கின்றன. குழந்தைக்கு சுமார் 8 மாதம் ஆகும்போது பார்வைப் பகுதியில் அவற்றின் நெருக்கம் உச்சத்தைத் தொடும். அப்புறம் பல வருஷங்களுக்குக் கழித்துக்கட்டும் வேலைதான். எது நிற்கும், எது போகும் என்பது ஒவ்வொரு சினாப்ஸிலும் தனித்தனியாக முடிவாகிறது.

ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். இரண்டு நியூரான்களுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டரில் 50,000-ல் ஒரு பங்கு இடைவெளி. இந்தப் பக்கத்திலிருந்து குளுட்டமேட் என்ற ரசாயனம் கொட்டுகிறது. எதிர்ப்பக்கத்தில் அதை வாங்கும் புரதங்களில் ஒரு வகைக்கு என்எம்டிஏ என்று பெயர். அதன் துளையில் ஒரு மெக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். குளுட்டமேட் வந்தால் மட்டும் அது நகராது. வாங்குகிற நியூரானும் அதே நேரத்தில் மற்ற இணைப்புகளால் போதுமான அளவு தூண்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அடைப்பு விலகும், கால்சியம் உள்ளே பாயும், குளுட்டமேட்டை வாங்கும் புரதங்கள் இன்னும் கொஞ்சம் மேற்பரப்புக்கு வந்து சேரும். சினாப்ஸ் பலமாகிவிட்டது. சிக்னல் சோகையாக, காலம் தப்பி வந்தால் நேர் எதிர்: வாங்கும் புரதங்கள் உள்ளே இழுக்கப்படும், இணைப்பு சுருங்கும், கடைசியில் மூளையின் துப்புரவுச் செல்கள் அதை விழுங்கியும் விடலாம்.

இப்போது உங்கள் மகனுக்கு வாருங்கள். ஒரே நியூரானுக்கு இரண்டு கண்ணிலிருந்தும் சிக்னல் வருகிறது. வலது கண்ணின் தெளிவான படம் நியூரானைச் சரியாகத் தூண்டுகிறது. அதன் சினாப்ஸ்கள் தடிக்கின்றன. இடது கண்ணின் மங்கல் எதிலும் ஒட்டாமல் போகிறது. மூளை ஆய்வாளர்கள் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் 1963-ல் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையை மட்டும் சில மாதம் தைத்து வைத்துக் காட்டியது இதைத்தான். இமையைத் திறந்த பிறகும் மூளையின் பார்வைச் செல்களில் ஏறக்குறைய எல்லாமே மற்றக் கண்ணுக்குத்தான் பதில் சொன்னன. வளர்ந்த பூனையில் அப்படிச் செய்தபோது ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது அவர்களுடைய அடுத்த சோதனை. இரண்டு கண்ணையும் மூடியபோது, எதிர்பார்த்ததைவிடப் பாதிப்பு குறைவாக இருந்தது. ஒரு கண் ஒதுக்கப்பட அதன் சும்மா இருப்பு மட்டும் காரணமில்லை, பக்கத்துக் கண்ணின் போட்டியும் காரணம். இந்த ஆய்வுகளுக்காக இருவருக்கும் 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நல்ல கண்ணை மூடுவது அந்தப் போட்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கத்தான்.

2 மணி நேரம் போதுமா என்றால், போதும். 6/12-லிருந்து 6/24 வரை பார்வை உள்ள 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2003-ல் வெளியிட்ட சோதனையில், 2 மணி நேரமும் 6 மணி நேரமும் 4 மாதத்தில் ஒரே அளவு பலன் தந்தன. மூடும் நேரத்தில் படித்தே தீர வேண்டும் என்றும் இல்லை. கார்ட்டூன் பார்த்தாலும் சரி. ஒட்டுப்பட்டையைத் தோலில் ஒட்டி அதன் மேல் கண்ணாடி போடுங்கள். கண்ணாடியிலேயே துணி மாட்டினால் மூக்குப் பக்கத்து இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பான், எல்லாக் குழந்தையும் பார்க்கும். மாடிப்படி, சைக்கிள், சாலை அந்த நேரத்தில் வேண்டாம். தோல் புண்ணானாலோ ஒரேயடியாக அடம்பிடித்தாலோ, நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதை மங்கலாக்கும் வழி இருக்கிறது. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும்.

வலது கண் கெடுமா? நாள் முழுக்க மூடினால், முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்கு, அந்தக் கண்ணின் பார்வை தற்காலிகமாகக் குறைவதுண்டு. 2 மணி நேரத்தில் அந்தப் பயம் மிகக் குறைவு. ஒவ்வொரு பரிசோதனையிலும் இரண்டு கண்ணையும் அளப்பது அதற்காகத்தான். பார்வை கூடியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை முடிந்த ஒரு வருஷத்துக்குள் ஏறத்தாழ நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது.

மாமியார் சொல்வதில் ஒன்று தலைகீழ்: வயது ஏற ஏற இந்தச் சினாப்ஸ்கள் இறுகுகின்றன. 7 வயதோடு கதவு மூடிவிடும் என்று முன்பு சொல்வார்கள், அதுவும் சரியில்லை. 12 வயது வரைகூடப் பல குழந்தைகளுக்கு முன்னேற்றம் கிடைக்கிறது. ஆனால் சுலபமாகக் கிடைக்கும் வயது இதுதான்.

மகளையும் இந்த மாதமே கூட்டிப் போங்கள். அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்க வாய்ப்பு கூடுதல். எழுத்து தெரியாதே என்று யோசிக்க வேண்டாம்; சொட்டு மருந்து விட்டு, டார்ச் போன்ற ஒரு கருவியால் கண்ணுக்குள் ஒளி அடித்தே பவரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்றைக்கு முழுக்க அவளுக்குக் கண் கூசும், தொப்பி ஒன்று எடுத்துப் போங்கள்.