படம் ஓடாத நேரத்துக்கும் கரண்ட் பில்

கேள்வி: 2012-இல் வாங்கிய ஐ5 டெஸ்க்டாப்பை டிவியோடு இணைத்து, படம், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாம் அதில் போட்டு வைத்திருக்கிறேன். கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, ஹார்டு டிஸ்க் மூன்று. இரவு பகலாக ஆனிலேயே கிடக்கும். இந்த முறை ரீடிங் 560 யூனிட். “எல்லாம் அந்தப் பெட்டியால்தான்” என்று வீட்டில் ஒரே பேச்சு. 15,000 ரூபாயில் மினி பிசி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கிவிடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் சொல்வதில் பாதி உண்மை. பெட்டியை விட, அது சும்மா ஓடும் நேரம்தான் அதிகம் தின்கிறது.

ஒரு வாட் பிடிக்கும் பொருள் 24 மணி நேரமும் ஓடினால், 60 நாளில் 1.44 யூனிட். இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். நீங்கள் சொல்வது போன்ற பழைய பெட்டி, படம் ஓடாமல் சும்மா இருக்கும்போதே 75 வாட் அளவில் இழுக்கக்கூடும். அப்படியானால் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். நீங்கள் படம் பார்ப்பது ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், மீதி இருபது மணி நேரம் யாருக்காகவோ ஓடுகிறது.

75 என்பது என் ஊகம்தான், உங்கள் பெட்டியை நீங்களே அளந்து பாருங்கள். மின் அளவு காட்டும் ஸ்மார்ட் ப்ளக் இருந்தால் சுலபம். இல்லாவிட்டாலும் காசு செலவில்லாத வழி உண்டு. ஈபி மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு மினுங்குமே, அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று எழுதியிருக்கும். 3200 என்றிருந்தால், வீட்டில் ஃப்ரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கம்ப்யூட்டரை மட்டும் விட்டு, பத்து நிமிடம் துடிப்புகளை எண்ணுங்கள். எண்ணியதைப் பத்தால் வகுத்து, நிமிடத்துக்கு நாலு வந்தால் 75 வாட்; நிமிடத்துக்கு ஒரு துடிப்பு என்றால் 18.75 வாட் என்று பெருக்கிக்கொள்ளலாம். டார்ச் பிடிக்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள், எண்ணிக்கை தப்பாது.

அடுத்தது பில். 2024 ஜூலைக் கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு 8.40 ரூபாய் ஆவதோடு நிற்பதில்லை. 101 முதல் 200 வரையுள்ள நூறு யூனிட்டும் 2.35-இலிருந்து 4.70-க்கு ஏறிவிடும். அதாவது 501-வது யூனிட்டைத் தொட்ட உடனே 235 ரூபாய் தனியாகச் சேரும். 560 யூனிட்டுக்கு உங்கள் பில் 2,544 ரூபாய் வந்திருக்கும்.

பெட்டியைத் தூங்க வைத்தால்? நாலு மணி நேரம் 75 வாட், இருபது மணி நேரம் ஸ்லீப்பில் 3 வாட். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள் அடங்கும். ரீடிங் 474 ஆகும், பில் 1,641. ஒரு பைசா செலவில்லாமல் ஒரு பில்லில் 900 ரூபாய் மிச்சம்.

இப்போது மினி பிசி. இன்டெலின் குறைந்த மின்சாரம் பிடிக்கும் என்100 சிப் போட்ட பெட்டி 8 வாட்டில் இரவு பகலாக ஓடினாலும் 12 யூனிட்தான். அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் தூங்கப் பழகிய பழைய பெட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் பத்து யூனிட், அதாவது பில்லுக்கு 63 ரூபாய். அந்தக் கணக்கில் 15,000 திரும்பி வர நாற்பது வருடம் ஆகும். கேமரா பதிவு, ஃபோனிலிருந்து போட்டோ பேக்கப் என்று கம்ப்யூட்டர் எந்நேரமும் விழித்திருக்க வேண்டிய வீடு என்றால் கதையே வேறு. அங்கே பில்லுக்கு 970 ரூபாய் வரை குறையும், இரண்டரை மூன்று வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். நீங்கள் எந்த வகை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதிலும் ஒரு சங்கதி. ஓடிக்கொண்டிருக்கும் பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்று சுமார் 5 வாட் பிடிக்கும். மூன்றையும் மினி பிசியில் மாட்டினால் 15 வாட், பெட்டியை விட டிஸ்க்குகளே அதிகம் தின்னும். மூன்றில் இருப்பதை ஒரே பெரிய டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

பழைய பெட்டியையே வைத்துக்கொள்வதானால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் கால ஐ5-இல் பெரும்பாலும் உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு, மதர்போர்டில் எச்டிஎம்ஐ இருந்தால் சாதாரணப் படத்துக்கு அது போதும். புது வகை 4கே கோப்புகள் மட்டும் திக்கும். அவற்றை டிவியிலேயே நேரடியாக ஓட விடுங்கள். கம்ப்யூட்டர் உட்கார்ந்து படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும் நிலை வந்தால் சிப்பு முழு வேகத்தில் ஓடும், நாம் பேசிய 75 எல்லாம் தாண்டிவிடும்.

கேள்வி: ஸ்லீப் போட்டாலும் என் கம்ப்யூட்டர் தூங்குவதில்லை, தூங்கினாலும் தானாக எழுந்துவிடுகிறது. (ஈரோடு வாசகர்)

பதில்: டவுன்லோடு மென்பொருளையும் திறந்து கிடக்கும் பிரவுசர் டேபையும் முதலில் சந்தேகப்படுங்கள். வேறு அறையிலிருந்து யாராவது ஃபோல்டரைத் திறந்து வைத்திருந்தாலும் சிலதுக்குத் தூக்கம் வராது. தானாக எழுந்தால், கம்ப்யூட்டரை எழுப்பும் அனுமதி மவுஸுக்கு இருக்கும். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் எடுத்துவிடுங்கள். மேசையில் யாரோ இடித்தால்கூட எழும்.

அப்புறம் நம்மூர் விஷயம் ஒன்று. கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் தானே ஆன் ஆகும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) வைத்துக்கொடுப்பது உண்டு. மத்தியானம் ஐந்து நிமிடம் கரண்ட் போனால், நீங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பும் வரை அது ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் அந்த வசதியை அணைத்துவிட்டு, நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக் ஆன் லேன் வசதியை ஆன் செய்யுங்கள். லேன் ஒயர் மாட்டியிருந்தால் ஃபோனிலிருந்தே எழுப்பலாம். வைஃபையில் இதை நம்பாதீர்கள்.

கேள்வி: பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதை மூடி வைத்து இதே வேலைக்கு விடலாமா? (தஞ்சை வாசகி)

பதில்: தாராளமாக. ஸ்கிரீன் அணைந்த லேப்டாப் 10 வாட் பக்கத்தில்தான் பிடிக்கும். புதிதாக வாங்குவதற்கு முன் வீட்டில் தேட வேண்டிய பொருளே அதுதான். ஒரே பயம் பேட்டரி. எந்நேரமும் சார்ஜரில் கிடந்தால், அதுவும் நம் வெயிலில், உப்பிவிடும். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே உப்பியிருந்தால் இந்த வேலைக்கு வேண்டாம்.

கேள்வி: கம்ப்யூட்டரை விடுங்கள், செட்டாப் பாக்ஸ்? (மதுரை வாசகரின் மனைவி, அதே கடிதத்தின் கீழே)

பதில்: நல்ல கேள்வி. ரிமோட்டில் அணைத்த பிறகும் கையைச் சுட்டால் அது தூங்கவில்லை. சுவர் ஸ்விட்சில் அணையுங்கள். அவர் கம்ப்யூட்டரைத் தூங்க வைக்கட்டும், நீங்கள் இதை.