பதினாலு பனைக்கு ஒரு விடிலி

அண்ணாச்சிக்கு,

எனக்குச் சொந்த ஊர் வள்ளியூர். மூன்று வருடமாகக் கடல் எண்ணெய்த் துறையில் வேலை. இப்போது சின்ன எண்ணெய் வயல்களுக்குத் திட்டம் போடச் சொல்கிறார்கள். கிடைக்கும் எண்ணெயை விற்றால், அதை எடுக்கக் கடலில் மேடை கட்டவே காசு பத்தாது. வரியைக் குறைக்காமல் இந்தச் சில்லறை வயல்களில் லாபம் பார்க்க முடியுமா? பேசாமல் பெரிய வயலுக்கு மாறிவிடட்டுமா?

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான் திசையன்விளைப் பக்கம் போயிருந்தேன். பதநீர் காய்ச்சும் எங்கள் குடிசை, அந்த விடிலி இருந்த இடத்தில் அடுப்புக் கல் மட்டும் கிடக்கிறது. அதையே நினைத்துக்கொண்டு திரும்பினால் உங்கள் கடிதம்.

வரியை விடுங்கள். 2015-ல் வந்த சிறு வயல் கொள்கை, அதன்கீழ் கொடுக்கும் வயல்களுக்கு எண்ணெய் மீதான செஸ் என்ற கூடுதல் வரியையே எடுத்துவிட்டது. வேலை மாறுவது உங்கள் விருப்பம். ஆனால் ‘சில்லறை’ என்று எழுதினீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை. பனை நிற்கும் தேரிக்காட்டுக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு எப்படி அப்படி எழுத வந்தது? ஒரு பனை கலயம் கலயமாகத்தான் கொடுக்கும். அதை வைத்துத்தான் ஊரே சாப்பிட்டது.

என் சித்தப்பா ஒரு வருடம் அப்பாவோடு கோபித்துக்கொண்டு தன் பதினாலு பனைக்குத் தனி விடிலி போட்டார். பதநீர் காய்ச்சும் பெரிய சட்டியான தாச்சி கடனில் வந்தது. பதநீர் தாச்சியில் பாதிகூட ஏறாது, ஆனால் அடுப்பு தின்ற விறகு குறையவில்லை. சித்தி சிரட்டையிலிருந்து தட்டிய கருப்பட்டியை எண்ணி, விறகுக் கடனுக்கு ஒதுக்கியது போக மிச்சத்தை மடியிலேயே வைத்துக்கொள்வாள். அவ்வளவுதான் இருக்கும். ஆடி முடியுமுன் தாச்சி கைமாறிவிட்டது. பனை எந்தக் குறையும் வைக்கவில்லை, தம்பி.

உங்கள் மேடையும் அந்தத் தாச்சிதான். எண்ணெய் கொஞ்சமாக இருந்தாலும் மேடையின் செலவு கொஞ்சமாகாது. கடலடியில் கிணற்றை முடித்து, குழாய் போட்டு, பக்கத்தில் ஏற்கெனவே ஓடும் மேடைக்கு அனுப்புவதுதான் வழி. பழைய வயல் வற்ற வற்ற அந்த மேடையில் இடம் காலியாகிறது. அதற்கும் வரும்படி வேண்டும். மும்பைக் கடலில் பி-80 என்ற சின்ன வயல் 2016 ஏலத்தில் வந்தது. துளையிடும் ரிக் ஒன்றையே உற்பத்தி மேடையாக மாற்றினார்கள். எரிவாயுவைக் கடலில் முன்பே கிடந்த, அரசு எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசியின் குழாயில் சேர்த்துவிட்டார்கள். 2022-ல் உற்பத்தி வந்தது.

தூரத்தையும் பாருங்கள். வெயில் ஏறினால் பதநீர் புளித்துப்போகும், விடிலி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெயும் அப்படித்தான். கடலடிக் குளிரில் எண்ணெயிலுள்ள மெழுகு உறைந்து குழாயை அடைக்கும். குழாய்க்குக் காப்பு போட்டு, சூடேற்றி அனுப்பினால் இன்னும் கொஞ்ச தூரம் போகலாம். ஆனால் அந்தச் செலவே லாபத்தைத் தின்னும் ஓர் எல்லை உண்டு.

தூரத்தைவிடப் பெரிய தொல்லை மனுசன்தான். காவிரிப் படுகைக் கடலில் பி.ஒய்-3 வயலுக்கு மேடையே கட்டவில்லை. 1997 முதல் எண்ணெய் எடுக்கும் கருவிகள் கொண்ட வாடகை மிதவையை வைத்தே எண்ணெய் எடுத்தார்கள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! 2011-ல் மிதவையின் ஒப்பந்தம் முடிந்தது. அடுத்து என்ன செய்வது என்பதில் பங்குதாரர்கள் ஒத்துப்போகவில்லை, உற்பத்தி நின்றது. பூமிக்குள் எண்ணெய் இருக்க, மேலே ஆட்கள் கூடவில்லை. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் கணக்குப் போடும் பிள்ளை, வரியைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கத்து மேடைக்காரனிடம் போய்ப் பேசினீர்களா? பேசியிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

அடுத்த பங்குனியில் சித்தப்பா பதநீரைத் தூக்கிக்கொண்டு எங்கள் விடிலிக்கே வந்தார். அப்பா பழசை எடுக்கவில்லை. பங்கை மட்டும் அடுப்புப் பற்றவைக்குமுன் பேசி முடித்தார்கள்: விறகு சித்தப்பாவுடையது, தாச்சி அப்பாவுடையது, ஐந்தில் ஒரு கருப்பட்டி தாச்சிக்கு.

உங்கள் வயலுக்குப் பக்கத்து மேடை எத்தனை கிலோமீட்டர்? அதை விசாரித்து எனக்கு எழுதுங்கள்.